மோட்டார் ஹோமின் ஏர் சிஸ்டத்துக்கு வெளி கம்ப்ரசர்: எந்த இடத்தில், எப்படி இணைப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்த மோட்டார் ஹோம், அதாவது உள்ளே தங்கி வாழும் வசதி கொண்ட பெரிய வண்டி. ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன். நாலைந்து நாள் ஓரிடத்தில் நிறுத்தினால் டேஷ்போர்டில் இருக்கும் இரண்டு காற்றழுத்த முள்ளும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகின்றன, வண்டி ஒரு பக்கமாக அமர்ந்துவிடுகிறது. கிளம்பும் காலையில் காற்று ஏறுவதற்காகவே எஞ்சினைக் கால் மணி நேரம் சும்மா ஓடவிட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு சிறு கம்ப்ரசரை வெளியிலிருந்து மாட்டிக் காற்று ஏற்ற முடியுமா? முன்பக்கம் கைக்கு எட்டும் பிரேக் டேங்கிலேயே ஒரு டி (மூன்று வாய் கொண்ட இணைப்பு) போட்டுவிடலாமா?

முடியும். நன்றாகவே முடியும். ஆனால் அந்த முன்பக்க டேங்கில் மட்டும் போடாதீர்கள். எஞ்சினோடு வரும் கம்ப்ரசரின் காற்று எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறதோ, வெளிக் காற்றும் அதே வாசல் வழியாகத்தான் வரவேண்டும். அந்த வாசல் வெட் டேங்க். ஏன் என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதற்கு வருகிறேன்.

முதலில் காற்று போகும் வழி. எஞ்சின் கம்ப்ரசரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் காற்று ஏர் டிரையருக்குப் போகிறது. அங்கே ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் பிடிபட்ட பிறகு வெட் டேங்குக்கு வருகிறது. டிரையர் தப்பவிட்ட ஈரம் இங்கேதான் தங்கும், பெயரும் அதனால் வந்ததுதான். வெட் டேங்கிலிருந்து இரண்டு கிளை பிரிகிறது. ஒன்று பிரைமரி டேங்குக்கு (பின் ஆக்சில் பிரேக்), இன்னொன்று செகண்டரி டேங்குக்கு (முன் ஆக்சில் பிரேக்). இரண்டின் வாசலிலும் ஒரு செக் வால்வு உண்டு. காற்று உள்ளே போகும், திரும்பி வராது. ஒரு பக்கம் குழாய் வெடித்தாலும் மறுபக்கம் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இவை தவிர பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு என்று ஒன்று. பிரேக்குக்குப் போதுமான காற்று சேரும்வரை அது மூடியே இருக்கும், சேர்ந்த பிறகுதான் ஏர் பேக் (ஏர் சஸ்பென்ஷனில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பை), ஹாரன், சீட், கதவு போன்ற மற்ற சாமான்களுக்குக் காற்றை விடும்.

இவை எல்லாவற்றையும் ஆள்வது கவர்னர். அழுத்தம் 120 முதல் 130 பி.எஸ்.ஐ. வரை போனதும் எஞ்சின் கம்ப்ரசரை ஓய்வெடுக்கச் சொல்லும், அதே நேரம் டிரையரில் சேர்ந்த ஈரத்தை வெளியே தள்ளும் பர்ஜ் வால்வைத் திறக்கும். ‘புஸ்ஸ்’ என்று கேட்கிறதே, அதுதான். 100 பக்கம் இறங்கியதும் மறுபடி ஏற்றச் சொல்லும். கவர்னரின் அதிகாரம் எஞ்சின் கம்ப்ரசரோடு முடிந்துவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் வெளியிலிருந்து மாட்டும் கம்ப்ரசர் அதன் பேச்சைக் கேட்காது.

இப்போது முன்பக்க டேங்குக்கு வருவோம். நான் இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் ஏற்கெனவே ஒரு பட்டறையில் வெளி இணைப்பு ஒன்று போட்டிருந்தார்கள். முன் பம்பருக்குப் பின்னால், அழகாகக் கைக்கு எட்டும் இடத்தில். மாட்டிக் காற்று ஏற்றினேன். ஒரு முள் மட்டும் சரசரவென்று 100-ஐ எட்டியது. இன்னொன்று பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. முள்தான் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். வண்டிக்கு அடியில் போய்க் குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் டி போட்டிருந்தது செகண்டரி டேங்கில், அதாவது செக் வால்வுக்கு அப்பால். அந்தக் காற்று திரும்பி வெட் டேங்குக்கு வரவே முடியாது, பிரைமரிக்கும் போக முடியாது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? பார்க்கிங் பிரேக் குமிழுக்குக் காற்று இரண்டு டேங்குகளிலிருந்தும் வருகிறது. எதில் அழுத்தம் அதிகமோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே செகண்டரி மட்டும் நிரம்பியிருந்தாலும் குமிழை அழுத்தினால் ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்) விடுபட்டுவிடும், வண்டி உருளத் தயார். ஆனால் பிரைமரி காலி என்பதால் காலால் மிதிக்கும்போது பின் சக்கரங்களில் பிரேக் பிடிக்காது. பத்துப் பதினைந்து டன் எடை, பெரும்பகுதி பின் ஆக்சிலில். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றே அந்த டி-யைக் கழற்றிப் பழையபடி பிளக் போட்டு மூடினேன்.

வெட் டேங்கில் கொடுத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. காற்று இரண்டு செக் வால்வு வழியாகவும் சேர்ந்தே போகும், இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும், பிரேக் நிரம்பிய பிறகு ஏர் பேக்குகளும் தானாக நிரம்பும். டிரையரின் வெளிவாசலில் ஒரு செக் வால்வு இருப்பதால் காற்று பின்னோக்கி டிரையருக்கும் போகாது.

வெட் டேங்க் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிரையரிலிருந்து வெளியே வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், அது முதலில் போய்ச் சேரும் டேங்க்தான். ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நீளமான டேங்காகத் தெரியும், உள்ளே நடுவில் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரே டேங்கில் தண்ணீர் வடிக்கும் ட்ரெயின் வால்வு இரண்டு தொங்கினால் இரண்டு அறை என்று பொருள். அதில் ஒன்று வெட், மற்றது பிரைமரியாக இருக்கலாம். எந்த அறையில் கைவைக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். இன்னும் சில வண்டிகளில் டிரையரோடு சேர்த்தே சிறு டேங்கும் வால்வுகளும் ஒரே கட்டாக வரும், தனி வெட் டேங்கே இருக்காது. அப்படியானால் இங்கே சொல்வதை அப்படியே செய்யாமல், வண்டித் தயாரிப்பாளரிடம் ஏர் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் ஏர் யூனிட் இருந்தாலும் அப்படியே.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியின் முன்பக்கத்தையும் எஞ்சின் அறையையும் நன்றாகத் துழாவிப் பாருங்கள். வண்டி நின்றுபோனால் இழுத்துச் செல்பவர்கள் காற்று கொடுப்பதற்காகப் பல தயாரிப்பாளர்களே ஒரு வாயை வைத்திருப்பார்கள். டயர் வால்வு மாதிரி மூடி போட்ட ஒரு சின்ன முனை, அல்லது ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் சாதாரண கப்ளர் முனை. அது வெட் டேங்குக்குத்தான் போகிறது என்பதைக் குழாயைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

டிரையருக்கு முன்னால், கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயிலேயே கொடுத்தால் காற்று காய்ந்து வருமே என்று சிலர் கேட்பார்கள். யோசனை தவறில்லை, நடைமுறையில் தொல்லை அதிகம். அந்தக் குழாயில் காற்றின் சூடு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரண நைலான் குழாயும் ரப்பர் ஹோஸும் அங்கே தாங்காது, கெட்டுவிடும். அப்புறம், அழுத்தம் கவர்னரின் எல்லையைத் தொட்டதும் பர்ஜ் வால்வு திறந்துகொள்ளும், நீங்கள் ஏற்றும் காற்று மொத்தமும் அதன் வழியாகத் தரைக்கே போகும். வெளி கம்ப்ரசரை 110-க்கு மேல் போகவிடாமல் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அப்போது பர்ஜ் நடக்காததால் டிரையரில் சேரும் தண்ணீர் அடுத்து எஞ்சின் ஓடும்வரை அங்கேயே கிடக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. வெட் டேங்கில் கொடுத்து, ஈரத்தை வெளியிலேயே தனியாகப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் முடிவு.

ஈரம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்குகள், ஏர் பேக்குகள் எல்லாம் சேர்த்து 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 110 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 7.6 பார் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம்). ஆக வெளியிலிருந்து உள்ளே திணிக்க வேண்டியது 900 லிட்டருக்குக் கொஞ்சம் மேலான காற்று. 25 டிகிரி வெயிலில், 60 சதவீத ஈரப்பதத்தில், அந்தக் காற்றில் 12 கிராம் போலத் தண்ணீர் ஆவியாக இருக்கும். அமுக்கிக் குளிர்ந்த பிறகு 120 லிட்டர் காற்றால் மூன்று கிராமுக்குக் குறைவான ஆவியைத்தான் தாங்க முடியும். மிச்சம் ஒன்பது பத்து கிராம், கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் தண்ணீர், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் டேங்கின் அடியில் சேர்கிறது. தினம் ஒரு முறை ஏற்றினால் மாதத்துக்குக் கால் லிட்டருக்கு மேல். அது துருவாகும், வால்வுகளின் ரப்பரைக் கெடுக்கும், உறைபனிக் குளிரில் பிரேக் வால்வுக்குள் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஆகவே வெளி கம்ப்ரசருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு வாட்டர் செபரேட்டர் கட்டாயம். அதற்குப் பின்னால் நிறம் மாறும் மணிகள் போட்ட சிறு டிரையர் குப்பி ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. கம்ப்ரசரையும் செபரேட்டரையும் இணைக்கும் ஹோஸ் ஐந்தாறு மீட்டர் நீளமாக இருக்கட்டும். காற்று அதற்குள் ஓடும்போதே ஆறும், ஆறினால்தான் தண்ணீர் பிரியும். சூடாகவே செபரேட்டருக்குள் போனால் ஆவியாகவே அதைக் கடந்துவிடும். முடிந்தால் எண்ணெய் இல்லாத வகைக் கம்ப்ரசரையே வாங்குங்கள்.

இனி இணைப்பு. டேங்கில் பயன்படுத்தாத ஒரு துளை பிளக் போட்டு மூடியிருந்தால் அதுதான் முதல் தேர்வு, பக்கவாட்டில் அல்லது மேலே இருந்தால் ரொம்ப நல்லது. அப்படி எதுவும் இல்லை என்றால் ட்ரெயின் வால்வு இருக்கும் அடித்துளையில் டி போடலாம். அப்போது ட்ரெயின் வால்வு டி-யின் நேர்க்கீழ் வாயில் இருக்க வேண்டும், வெளிக்காற்று பக்கவாயில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் முழுக்க வடியாது. சேஃப்டி வால்வு இருக்கும் துளையைத் தொடவே வேண்டாம். 150 பி.எஸ்.ஐ.யில் திறந்து டேங்கைக் காப்பாற்ற வேண்டிய வால்வு அது, அதற்கும் டேங்குக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது. டேங்கில் புதிதாகத் துளை போடுவது, வெல்டிங் வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. கவர்னருக்குப் போகும் மெல்லிய குழாய்களிலும், மிதி வால்வுக்குப் போகும் குழாய்களிலும் அப்படித்தான், எந்தக் காரணத்துக்காகவும் டி போடாதீர்கள்.

மரை விஷயத்தில் கவனம் வேண்டும். அமெரிக்க சேசிஸ் என்றால் பெரும்பாலும் என்.பி.டி. கூம்பு மரை, கால், முக்கால், அரை அங்குலம் என்று வரும். ஐரோப்பிய சேசிஸில் எம்22, 1.5 பிட்ச் நேர் மரை, கூடவே சீல் வளையம். ஒன்றில் மற்றதை வைத்து முறுக்கினால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரை போய்விடும். ஃபிட்டிங்கும் குழாயும் ஏர் பிரேக்குக்கென்றே முத்திரை குத்தியவையாக இருக்கட்டும். நைலான் குழாய் என்றால் அதன் மேலேயே எஸ்.ஏ.இ. ஜே844 என்று அச்சடித்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் தண்ணீர் ஃபிட்டிங்கும் தோட்டத்துக் குழாயும் இந்த வேலைக்கு ஆகாது.

மரைக்கு வெள்ளை டேப் சுற்றாமல் பேஸ்ட் தடவுங்கள். டேப்பின் ஒரு சின்னப் பிசிறு உள்ளே போனாலும் செக் வால்வின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அதை முழுதாக மூடவிடாது. பேஸ்ட்டைக்கூட முனையில் இரண்டு மரை விட்டுத்தான் தடவ வேண்டும்.

டேங்கிலிருந்து வெளிநோக்கி வந்தால் வரிசை இப்படி அமையும். முதலில் டி, அதிலிருந்து குழாய், பிறகு செக் வால்வு, அதன் அம்புக்குறி டேங்கை நோக்கி. அதற்கு வெளியே ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு), கடைசியில் கப்ளர் முனை, அதற்கு ஒரு தூசி மூடி. இந்தச் செக் வால்வு வேண்டாமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண கப்ளர் ஜோடியில் பெண் பாகத்தில்தான் தானாக மூடும் வால்வு இருக்கும். ஆண் முனை வெறும் துளை. வண்டியில் ஆண் முனையை வைத்துச் செக் வால்வு இல்லாமல் விட்டால், ஹோஸைப் பிடுங்கிய நொடியில் வெட் டேங்க் மொத்தமும் உங்கள் முகத்துக்கு நேரே காலியாகும். செக் வால்வு ஒரு காவல், பால் வால்வு இரண்டாவது காவல். ஓடும்போது பால் வால்வு மூடியே இருக்க வேண்டும். முனையை எங்கே பொருத்துவது என்று யோசிக்கும்போது சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடிக்கும் இடத்தையும் எக்ஸாஸ்ட் பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். சாமான் வைக்கும் பக்க அறைக்குள் வைத்தால் சுத்தமாக இருக்கும்.

பெரிய வேலை வேண்டாம், எப்போதாவது ஒருமுறைதான் தேவை என்றால் டயர் வால்வு மாதிரியான முனை ஒன்றே போதும். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரை அப்படியே அதில் மாட்டலாம், கழற்றினால் தானாக மூடிக்கொள்ளும். துளை சிறியது என்பதால் நிரம்ப நேரம் ஆகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதை. டேங்கில் ஸ்பேனர் வைக்கும் முன் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். 110 பி.எஸ்.ஐ.யில் ஓர் அரை அங்குலப் பிளக்கின் பின்னால் 25 கிலோவுக்கு மேல் விசை நிற்கிறது. கடைசி மரை விடுபடும்போது அது குண்டாகப் பறக்கும். காற்றை வெளியேற்றினால் என்ன ஆகும்? ஏர் பேக் தளர்ந்து வண்டி கீழே இறங்கும். நீங்கள் அப்போது எங்கே படுத்திருக்கிறீர்கள்? வண்டிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஏர் பேக் இருக்கும்வரைதான். இப்படி நசுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. ஆகவே சேசிஸின் உறுதியான இடங்களில், வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளை வைத்து அதன் மேல் வண்டியை அமரவிட்ட பிறகுதான் அடியில் போக வேண்டும். ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்கை நம்பிப் போகாதீர்கள், அதுவும் இறங்கும். சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ட்ரெயினைத் திறக்கும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று எண்ணெயும் தண்ணீரும் கலந்து வந்தால் டிரையருக்கு வயதாகிவிட்டது. அதை மாற்றும் வேலையையும் கையோடு முடித்துவிடுங்கள்.

கம்ப்ரசர் எவ்வளவு பெரியதாக வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன 900 லிட்டர் கணக்கே உதவும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறு பட்டறைக் கம்ப்ரசர் ஒன்று 90 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு 2.6 கன அடி தருகிறது என்றால், அது சுமார் 74 லிட்டர். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பாட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசரின் அட்டையில் 40 லிட்டர் என்று போட்டிருந்தாலும் அது எதிர்ப்பே இல்லாதபோது வரும் அளவு. அழுத்தம் ஏற ஏறப் பாதியாகக் குறையும். சராசரி 25 என்று வைத்தால்கூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடைவிடாமல் எத்தனை நிமிடம் ஓடலாம் என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், பதினைந்து என்றால் பதினைந்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். 30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசர் நாற்பது நிமிடம் ஓடினால் 20 ஆம்பியர் ஹவர் போய்விடும். ஆகவே வயரை வீட்டுப் பகுதி பாட்டரியிலிருந்து எடுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பாட்டரியை இதில் இழுக்காதீர்கள். தடித்த வயர், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

பட்டறைக் கம்ப்ரசர்கள் பல 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிக்கொண்டு போகும். கவர்னர் அதைத் தடுக்காது என்று முன்பே சொன்னேன். எனவே கம்ப்ரசர் பக்கம் ஒரு ரெகுலேட்டர் வைத்து 110-இல் நிறுத்துங்கள். நிரந்தரமாகப் பொருத்தும் 12 வோல்ட் கம்ப்ரசர் என்றால் 90-இல் ஓடத் தொடங்கி 120-க்குள் நிற்கும் பிரஷர் ஸ்விட்ச் போடலாம். வெட் டேங்கின் அழுத்தம் கவர்னரின் எல்லையைத் தொட்டால் ஒரு முறை ‘புஸ்’ என்று டிரையர் பர்ஜ் ஆகும், அதில் தவறில்லை. அதன் பிறகும் டிரையரின் அடியில் இருந்து காற்று தொடர்ந்து சீறிக்கொண்டே இருந்தால் டிரையரின் வெளிவாசல் செக் வால்வு கசிகிறது என்று பொருள்.

முதல் முறை ஏற்றும்போது ஒரு விஷயம் உங்களைக் குழப்பும். இரண்டு முள்ளும் 60-ஐத் தாண்டியிருக்கும், ஆனால் வண்டி ஓர் அங்குலம்கூட உயராது. பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு திறக்கும்வரை ஏர் பேக்குக்குக் காற்று போகாது, பொறுமையாக இருங்கள். வண்டி ஹைட்ராலிக் ஜாக்கில் நின்றாலும் ஏர் பேக் நிரம்பாது. சேசிஸ் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதாக, வண்டியின் உயரத்தைப் பார்த்து ஏர் பேக்குக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ரைடு ஹைட் வால்வு நினைத்துக்கொண்டு இருக்கும் காற்றையும் வெளியே விடும். அதே மாதிரி, தரையில் அமர்ந்திருக்கும் வண்டி காற்று ஏறத் தொடங்கியதும் சட்டென்று எழும், ஒரு பக்கம் முந்தும். வெளியே நீட்டிய ஸ்லைடு அறை, விரித்த பந்தல், மாட்டியிருக்கும் தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் பிள்ளைகளோ நாயோ இல்லை என்பதையும்தான்.

காற்று ஏறிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் தானாக விடுபடாது, குமிழ் வெளியே இழுத்தபடி இருக்கும்வரை வண்டி பிடியில்தான் இருக்கும். ஆனால் யாராவது உள்ளே போய்க் குமிழை அழுத்தினால் எஞ்சின் ஓடாமலேயே வண்டி உருளும். வெளிக் காற்று மாட்டியிருக்கும் நேரம் முழுக்கச் சக்கரக் கட்டை எடுக்கக் கூடாது. ஹோஸ் மாட்டியிருப்பது மறந்து வண்டியை எடுத்துவிடாமல் இருக்க, சாவியில் ஒரு சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடுவது என் பழக்கம்.

வேலை முடிந்ததும் சோதனை. எஞ்சின் கம்ப்ரசராலேயே கவர்னர் எல்லைவரை ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, சக்கரக் கட்டையோடு பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் தேர்வில் தனி வண்டிக்கு வைத்திருக்கும் அளவு, நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி பார்த்தால் 3. அப்புறம் மெதுவாகப் பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். 45-க்கும் 20-க்கும் நடுவில் குமிழ் தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். இவை முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தால்தான் உங்கள் வேலை பிரேக்கைத் தொடவில்லை என்று சொல்ல முடியும். ஏர் பிரேக்கில் கைவைத்துப் பழக்கம் இல்லை என்றால் இந்தச் சோதனையை ஒரு பிரேக் மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. பிரேக் அமைப்பில் மாற்றம் செய்ய உங்கள் நாட்டில் என்ன விதி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாலைந்து நாளில் இரண்டு முள்ளும் பூஜ்யத்துக்கு வருவதும், வண்டி எப்போதும் ஒரே பக்கம் அமர்வதும் கசிவைக் காட்டுகின்றன. வெளி கம்ப்ரசர் அதை மறைத்துவிடும், சரிசெய்யாது. ஆனால் கசிவைத் தேட அதைவிட நல்ல துணை கிடையாது. எஞ்சின் சத்தம் இல்லாமல், அழுத்தத்தை 110-லேயே நிறுத்திவைத்து, அமைதியாகக் காதால் கேட்டுத் தேடலாம். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் தெளியுங்கள். பெரிய கசிவு நுரையை ஊதித் தள்ளிவிடும், உடனே தெரியும். சின்னக் கசிவுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், நண்டு வாயில் நுரை கட்டுவது மாதிரிப் பொடிப்பொடியாக வெள்ளை மெல்ல வளரும். ஒரு பக்கம் மட்டும் இறங்குவதால் அந்தப் பக்க ரைடு ஹைட் வால்விலும் ஏர் பேக்கின் அடித்தகட்டிலும் தொடங்குங்கள். அப்புறம் ட்ரெயின் வால்வுகள், ஹாரன் வால்வு, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் போகும் குழாய்.

கடைசியாக, இதே முனையிலிருந்து டயருக்குக் காற்று எடுக்கலாமா என்றும் கேட்கத் தோன்றும். செக் வால்வு போட்டிருப்பதால் இதில் வராது. அதற்கு வெட் டேங்கிலிருந்து தனியாக ஒரு கிளை எடுத்து, பால் வால்வும் பெண் கப்ளரும் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது வெட் டேங்க் காலியானாலும் பிரைமரியும் செகண்டரியும் தங்கள் செக் வால்வுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு எடுத்தாலும், 110 கேட்கும் டயருக்கு முள் 100 பக்கம் இறங்கியிருக்கும் நேரத்தில் காற்று ஏறாது. கவர்னர் மறுபடி 120-க்கு ஏற்றும்வரை காத்திருந்து, விட்டு விட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.